மாண்டவர் ஈட்டும் வருவாய்

2014-ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் நகரில் ஒரு பீங்கான் தட்டு விற்பனைக்கு வந்தது. பாலாடைக்கட்டித் துண்டுகளை அடுக்கி விருந்தினர் முன் வைப்பதற்கான தட்டு. அமெரிக்க நாட்டின் வரைபட வடிவில் அதை வார்த்திருந்தார்கள். அதில் மூன்று இடங்களில் சின்னஞ்சிறு இதயக் குறிகள்: நியூயார்க், பென்சில்வேனியா, வர்ஜீனியா. 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களும் மோதி விழுந்த இடங்கள் அவை. தட்டை விற்ற கடை எங்கோ தெருமுனையில் இருந்ததன்று. அந்நாளில் மாண்டவர்களின் நினைவாக எழுப்பப்பட்ட தேசிய அருங்காட்சியகத்தின் உள்ளேயே இருந்தது.

அதே அருங்காட்சியகத்தில், தரைமட்டத்திலிருந்து 70 அடி ஆழத்தில், பாறைப் படுகையை ஒட்டி ஒரு நெடுஞ்சுவர் நிற்கிறது. வந்து போவோர் சுவரைப் பார்க்கலாம். அதற்கு அப்பால் செல்ல முடியாது. அங்கே நகர மருத்துவப் பரிசோதகரின் பொறுப்பில், இன்னார் என்று அறியப்படாத மனித உடற்கூறுகள் ஆயிரக்கணக்கில் காக்கப்படுகின்றன. அருங்காட்சியகம் திறக்கப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன்பு, மே 10 அன்று, காவல்துறையும் தீயணைப்புத் துறையும் அணிவகுத்து வர அவை அங்கே கொண்டு சேர்க்கப்பட்டன. மாண்டவர்களின் உறவினர் சிலர் வாயைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு வழியில் நின்றார்கள். எங்கள் பிள்ளைகளின் எச்சங்களைக் காட்சிக்கூடத்தின் அடித்தளத்தில் வைக்க எங்களைக் கேட்டீர்களா என்பதே அவர்களுடைய வழக்கு. இரட்டைக் கோபுரங்களில் உயிரிழந்த 2,753 பேரில் ஏறத்தாழ 1,100 பேருடைய உடலின் ஒரு துணுக்குகூட இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை. அவர்களைப் பெற்றவர்களுக்கும் மணந்தவர்களுக்கும் அந்தச் சுவருக்குப் பின்னாலுள்ள அறையே கல்லறை. அந்தக் கல்லறையின் கூரைக்கு மேலேதான் கடை.

செய்தி பரவியதும் கண்டனம் எழுந்தது. தட்டு விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. இனி விற்கப்படும் பொருள்களைக் குடும்பத்தினரும் இடம்பெறும் குழு பார்வையிடும் என்று நிர்வாகம் அறிவித்தது. ஆனால் கடை எடுக்கப்படவில்லை. தொப்பிகளும் குவளைகளும் சாவிக்கொத்துகளும் கோபுரங்களின் நிழலுருவம் அச்சிட்ட ஆடைகளும் தொடர்ந்து விலைபோயின. பணியில் 343 உயிர்களைப் பலிகொடுத்த தீயணைப்புத் துறையின் எழுத்துகளை நெஞ்சில் தாங்கிய சட்டைகளும் அவற்றுள் அடக்கம்.

ஒரு தட்டின் அழகுக்குறைவைச் சுட்டி முகம் சுளிப்பது எளிது. உலகம் அதைத்தான் செய்தது, செய்துவிட்டு மறந்தது. ஆனால் எந்தப் பொருளை விற்கலாம், எதை விற்கலாகாது என்பது இரண்டாவது கேள்வி. இடுகாட்டுக்கு ஏன் ஒரு கடை தேவைப்பட்டது என்பதே முதற்கேள்வி. அதற்கான விடை ஆபாசமானதன்று, வெறும் கணக்கு. அந்த நிறுவனம் தன் செலவுக்குத் தானே சம்பாதிக்க வேண்டியிருந்தது.

நினைவிடத்தையும் அருங்காட்சியகத்தையும் நடத்துவது அரசுத் துறையன்று. இலாப நோக்கில்லாத ஒரு தனியார் அறக்கட்டளை. கட்டி எழுப்புவதற்கு நன்கொடையாளர் பணத்தோடு அரசுப் பணமும் சேர்ந்தது உண்மை. கட்டி முடித்த பின் ஆண்டுதோறும் நடத்துவதற்கு ஏறத்தாழ 6 கோடி டாலர் தேவை என்று மதிப்பிட்டார்கள். மீண்டும் தாக்கப்படலாம் என்ற அச்சம் நீங்காத இடமாகையால் காவலுக்கே அதில் கணிசமான பங்கு போயிற்று. அந்த ஆண்டுச் செலவை ஏற்க நடுவணரசு முன்வரவில்லை. எனவே நுழைவுச்சீட்டுக்கு 24 டாலர் விலை வைத்தார்கள். இன்று அது 30 டாலரைத் தாண்டிவிட்டது. மாண்டவர்களின் குடும்பத்தினருக்கும் மீட்புப் பணியாளர்களுக்கும் கட்டணம் இல்லை என்பதையும், வாரத்தில் ஒரு மாலை பொதுமக்களை இலவசமாக அனுமதிக்கிறார்கள் என்பதையும், மேலே பெயர்கள் பொறித்த வெண்கல விளிம்புகளும் இரு நீர்த்தடாகங்களும் உள்ள திறந்த வெளிக்குக் கட்டணமே கிடையாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அறக்கட்டளையினர் பேராசைக்காரர்கள் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. கையில் திருவோட்டைக் கொடுத்துத் தெருவில் நிறுத்தப்பட்டவன் கூவி அழைக்கத்தான் செய்வான். ஓட்டைக் கொடுத்த கையைத்தான் பார்க்க வேண்டும்.

இது தவிர்க்க இயலாத நிலை என்று சொல்வோர்க்கு அதே நாளின் மற்ற இரு களங்களே மறுமொழி. பென்சில்வேனியா மாநிலத்தில் ஷாங்க்ஸ்வில் என்ற சிற்றூருக்கு அருகில், பயணிகள் எதிர்த்துப் போராடியதால் இலக்கை அடையாமலே ஒரு விமானம் வயலில் வீழ்ந்தது. பயணிகளும் பணியாளர்களுமாக 40 பேர் மாண்ட அந்த நிலத்தை அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை பேணுகிறது. மாண்டவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக 40 காற்றுமணிகள் தொங்கும் கோபுரம் அங்கே இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. தலைநகரை ஒட்டிய பென்டகன் வளாகத்தில் மாண்ட 184 பேருக்கு ஆளுக்கொன்றாக 184 இருக்கைகள் அமைந்த நினைவிடம் 2008-இல் திறக்கப்பட்டது. அங்கும் கட்டணம் இல்லை. ஒரே காலை, ஒரே பகை, ஒரே நாடு. வயலில் விழுந்தவரின் கதையைக் கேட்கக் காசு வேண்டா. கோபுரத்தில் விழுந்தவரின் கதையைக் கேட்கக் காசு வேண்டும். இந்த வேறுபாட்டுக்கு எந்த அறநூலிலும் நியாயம் கிடையாது. ஓரிடத்தின் செலவை நாடு ஏற்றது. மற்றோரிடத்தின் செலவை ஏற்கவில்லை. அவ்வளவே.

ஏற்கச் சொல்லிக் கேட்டவர் இல்லாமற் போகவில்லை. ஹவாய் மாநிலத்து மேலவை உறுப்பினர் டேனியல் இனோவே 2011-இல் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். நியூயார்க் நினைவிடத்துக்கு ஆண்டுக்கு 2 கோடி டாலர் நடுவண் கருவூலத்திலிருந்து வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபோது இனோவே 17 வயதுப் பையன். காயமுற்றோர்க்கு முதலுதவி செய்ய ஓடியவர். பின்னர் போர்க்களத்தில் வலக்கையை இழந்தவர். அவருடைய ஊர்த் துறைமுகத்தில் மூழ்கிக் கிடக்கும் அரிசோனா போர்க்கப்பலுக்குள் இன்றும் 900-க்கு மேற்பட்ட மாலுமிகளின் உடல்கள் உறங்குகின்றன. அதன் மேல் அமைந்த நினைவிடத்தைக் காண மக்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. தேசத்துக்காக மாண்டவரைத் தேசமே காக்க வேண்டும் என்பது அவருக்குப் பிறந்த ஊரிலேயே கண்கூடாகத் தெரிந்த வழக்கம். அந்த மசோதா நிறைவேறவில்லை. புதுச் செலவுக்கு ஈடாக வேறோரிடத்தில் செலவைக் குறைத்தாக வேண்டும் என்று ஓக்லஹோமா உறுப்பினர் டாம் கோபர்ன் தடுத்து நிறுத்தினார். 2012 இறுதியில் இனோவே காலமானார். பின்னர் வந்த ஒரு சட்டம் சிறுதொகை மானியத்துக்கு வழி செய்தது, சுமை இறங்கவில்லை.

சிக்கனம் நல்ல குணந்தான். ஆனால் அது எங்கே விழித்துக்கொள்கிறது, எங்கே கண்ணயர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதே செப்டம்பர் 11-இன் பெயரால் ஆப்கானித்தானத்திலும் ஈராக்கிலும் நடத்தப்பட்ட போர்கள் பல இலட்சம் கோடி டாலரை விழுங்கின. அந்தச் செலவுகளுக்கு ஈடாக எங்கே குறைப்பது என்று யாரும் வாயிலில் நின்று மறிக்கவில்லை. மாண்டவர் பெயரால் பிறரைக் கொல்லப் பணம் இருந்தது. மாண்டவரை நினைக்கப் பணம் இல்லை.

அரசு விலகி நின்ற வெளியில் வணிகம் புகுந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. அரசே அதற்குக் கதவையும் திறந்துவிட்டது. கோபுரங்கள் எரிந்து இரு வாரங்கள் கடந்திருந்த நிலையில், சிகாகோ விமான நிலையத்தில் பேசிய அதிபர் புஷ், மக்கள் மீண்டும் விமானம் ஏறிச் சுற்றுலா செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். புளோரிடாவின் டிஸ்னி உலகத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். முடங்கிப்போன பொருளாதாரத்தை எழுப்புவது அவர் நோக்கம் என்பதில் ஐயமில்லை. எனினும் துக்கத்தில் இருக்கும் குடிமக்களுக்கு நாட்டின் தலைவர் இட்ட பணிகளில் செலவு செய்வதும் ஒன்று என்றான பிறகு, வணிகன் மட்டும் ஏன் கூசி நிற்க வேண்டும்?

அவன் கூசவில்லை. 2001 டிசம்பர் இறுதியில், புனித பால் சிற்றாலயத்தை ஒட்டி, இடிபாடுகளைப் பார்க்க ஒரு மேடை அமைத்தார்கள். மேடைக்கு இலவசச் சீட்டு. சுற்றுவட்டாரத்துத் தெருக்களில் எரியும் கோபுரங்களின் படங்களும் தொப்பிகளும் விலைக்கு. 2002 பிப்ரவரியில் ஆண்டின் மிகப்பெரிய அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் நடுவே, பட்வைசர் மது நிறுவனத்தின் வண்டிக் குதிரைகள் மேன்ஹாட்டன் நோக்கி மண்டியிட்டு வணங்கின. அந்த விளம்பரம் அஞ்சலியாக ஒரே ஒரு முறை ஒளிபரப்பாவதற்கென்றே எடுக்கப்பட்டது என்றார்கள். பத்தாம் ஆண்டு நினைவின்போது சிறிது மாற்றி மீண்டும் காட்டினார்கள். 2004-இல், கோபுர இடிபாடுகளிலிருந்து மீட்ட வெள்ளியால் ஆனது என்ற விளம்பரத்தோடு ஒரு நாணயம் 19.95 டாலருக்கு விற்கப்பட்டது. வெறும் வெள்ளிமுலாம் பூசிய வில்லையை அரசு வெளியிட்ட வெள்ளி நாணயம்போல் காட்டி ஏய்க்கிறார்கள் என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர் வழக்குத் தொடுத்தார்; நீதிமன்றம் விற்பனையைத் தடுத்தது.

அந்த வழக்கை உற்றுப் பார்த்தால் சட்டத்தின் எல்லை விளங்கும். நாணயத்தில் சொன்ன அளவு வெள்ளி இல்லை என்பதால் அது குற்றமாயிற்று. வெள்ளி இருந்திருந்தால்? நுகர்வோர் ஏமாற்றப்பட்டனரா என்று கேட்கச் சட்டத்துக்குத் தெரியும்; மாண்டவர் அவமதிக்கப்பட்டனரா என்று கேட்க அதற்குத் தெரியாது. இறந்தவர் வாங்குபவரும் அல்லர், விற்பவரும் அல்லர். சந்தையில் அவருக்கு எந்தப் பக்கத்திலும் இடமில்லை.

ஆகவே சட்டத்துக்குள் அடங்கிய வணிகம் தடையின்றி வளர்ந்தது. 2011-இல் லாங் ஐலண்டு மது ஆலை ஒன்று நினைவு மது என்ற பெயரில் புட்டிகளை வெளியிட்டது, விலை 19.11 டாலர். வருவாயில் ஒரு பங்கு நினைவிடத்துக்குப் போகும் என்றது. அதற்கு முன்பே, 2007-இல், அதிபர் தேர்தல் களத்தில் நின்ற நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானிக்காகக் கலிபோர்னியாவில் ஆதரவாளர் ஒருவர் வீட்டில் நடத்தத் திட்டமிட்ட நிதி திரட்டும் கூட்டத்தில் ஆளுக்கு 9.11 டாலர் கேட்டார்கள். பேரழிவு நடந்த நாளின் எண்ணே விலைச்சீட்டாயிற்று. 2013 நினைவு நாளில் ஏடி அண்டு டி நிறுவனம், கோபுரங்கள் நின்ற இடத்திலிருந்து வானில் எழும் நீல ஒளித்தூண்களைக் கைப்பேசித் திரைக்குள் அடக்கிய படமொன்றை இணையத்தில் பரப்பியது; எதிர்ப்புக் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டது. 2016-இல் டெக்சாஸ் மாநிலத்து மெத்தைக் கடை ஒன்று இரட்டைக் கோபுரத் தள்ளுபடி என்று அறிவித்து, மெத்தைகளை இரு கோபுரங்களாக அடுக்கி, ஊழியர்கள் அவற்றின் மேல் விழுந்து சரிப்பதாகப் படம் எடுத்து வெளியிட்டது. ஊர் கொதித்தது, கடையைச் சிறிது காலம் மூட நேர்ந்தது.

மெத்தைக்காரரை ஊர் தண்டித்தது. மது ஆலையைப் பார்த்துச் சிலர் முணுமுணுத்தனர். குதிரைகளின் வணக்கத்தைக் கண்டு பலர் கண்ணீர் வடித்தனர். மூன்றிலும் நடந்தது ஒன்றுதான்: துக்கத்தின்மேல் ஒரு சரக்கின் பெயர் ஏற்றப்பட்டது. எடுத்த விதத்தில் நயம் கூடக்கூடக் கண்டனம் குறைந்தது. சமுதாயம் அறத்தை அளக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு அழகுணர்ச்சியை அளந்துகொண்டிருந்தது. நயமில்லாதவன் அகப்பட்டுக்கொண்டான்; நயமுள்ளவன் விருது வாங்கினாலும் வியப்பதற்கில்லை.

பெயரின் கதை இன்னும் விந்தை. உலக வணிக மையம் என்ற பெயரின் உரிமையை, அந்தக் கோபுரங்களைக் கட்டிய நியூயார்க் - நியூஜெர்சி துறைமுக ஆணையம் 1986-இல் ஒரு தனியார் சங்கத்துக்கு 10 டாலருக்குக் கொடுத்துவிட்டது. ஆணையத்தில் உயர்பதவி வகித்து ஓய்வு பெறவிருந்தவரே அந்தச் சங்கத்தை நடத்தியவர். 2013-இல் செய்தி வெளியானபோதுதான் மக்களுக்குத் தெரிந்தது: ஆயிரக்கணக்கானோர் மாண்டு உலகறிந்த பெயரான அதனைத் தன் கட்டடத்துக்குச் சூட்டவும் நினைவுப் பொருள்களில் அச்சிடவும் பொது ஆணையமே அந்தச் சங்கத்தின் இசைவை நாட வேண்டியிருந்தது. பொதுச் சொத்தைப் பொது என்று கருதாத பழக்கம் பேரழிவுக்கு முன்பே வேர் பிடித்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

கோபுரங்களின் இரும்பு சென்னைக்கும் வந்தது. இடிபாடுகளை அகற்றிய வேகத்தில் பெரும்பகுதி எஃகு பழைய இரும்பாக ஏலம் போயிற்று; சீனாவும் இந்தியாவும் வாங்கின. 2002-இன் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான டன் இரும்பு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, அதில் கல்நாரும் நச்சுப் பொருள்களும் ஒட்டியிருக்குமே, இறக்கும் தொழிலாளியின் மூச்சுக்கு யார் பொறுப்பு என்று சூழலியல் அமைப்புகளும் தொழிற்சங்கத்தினரும் மனித உரிமை அமைப்பினரும் குரல் கொடுத்தார்கள். அந்த இரும்பை உலையில் இட்டு உருக்கித் தமிழ்நாட்டில் எந்த வீட்டின் கம்பியாக வார்த்தார்களோ, அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாது. பின்னாளில் அதே கோபுரங்களின் எஃகுத் துண்டங்கள் புனிதப் பொருள்களாயின. ஏழரை டன் எஃகு நியூயார்க் என்ற போர்க்கப்பலின் முகப்பாக வார்க்கப்பட்டது. கென்னடி விமான நிலையத்துக் கொட்டகையில் சேர்த்து வைத்திருந்த சுமார் 2,600 பொருள்களைத் துறைமுக ஆணையம் பல ஊர்களின் தீயணைப்பு நிலையங்களுக்கும் பள்ளிகளுக்கும் வழங்கியது. அவசரத்தில் எடைபோட்டு விற்ற பொருளே அமைதியில் ஆராதனைக்கு உரியதாயிற்று.

எஃகுக்கு நேர்ந்த பெருமை சாம்பலுக்கு நேரவில்லை. இடிபாடுகளை ஸ்டேட்டன் தீவிலுள்ள ஃபிரெஷ் கில்ஸ் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய்ச் சலித்தார்கள். சலித்து எஞ்சிய துகளோடு மனித எச்சங்களும் அங்கேயே கலந்து கிடக்கின்றன, அவற்றை முறையான இடத்தில் அடக்கம் செய்யுங்கள் என்று குடும்பங்கள் வழக்காடின. நீதிமன்றங்கள் ஏற்கவில்லை, 2010-இல் உச்ச நீதிமன்றமும் விசாரிக்க மறுத்தது. காட்சிக்கு உதவும் எச்சத்துக்கு மேடை கிடைத்தது. உதவாத எச்சம் குப்பைமேட்டில் தங்கிற்று. நினைவை வருவாயின் கண்கொண்டு பார்க்கும் நாட்டில் இந்தத் தேர்வு தானாகவே நடக்கும். யாரும் ஆணையிட வேண்டியதில்லை.

சாகாமல் தப்பியவர்களின் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. நச்சுப் புழுதியில் மாதக்கணக்கில் நின்று தோண்டிய தீயணைப்பு வீரர்களும் காவலர்களும் கட்டுமானத் தொழிலாளர்களும் நுரையீரல் நோயிலும் புற்றுநோயிலும் வீழ்ந்தார்கள். அவர்களுடைய மருத்துவத்துக்கும் இழப்பீட்டுக்கும் வழிசெய்த சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேற 2010 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் தவணை வைத்த சட்டம்; தவணை முடியும்போதெல்லாம் நோயாளிகள் தலைநகருக்கு வந்து மன்றாட வேண்டியிருந்தது. 2019 ஜூன் 11 அன்று, உடல் உருக்குலைந்த நிலையில், நியூயார்க் காவல்துறையின் முன்னாள் துப்பறிவாளர் லூயிஸ் ஆல்வரெஸ் நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து சாட்சியம் சொன்னார். மறுநாள் 69-ஆவது முறையாகப் புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டியவர். 18 நாள் கழித்து இறந்தார். அதற்கு அடுத்த மாதந்தான் இழப்பீட்டு நிதி 2092 வரை நீட்டிக்கப்பட்டது. அன்று ஒரே நாளில் மாண்ட தீயணைப்பு வீரர் 343 பேர். பின்னர் நோயால் மாண்டவர் தொகை 2023-இல் அதே 343-ஐத் தொட்டு, அப்பால் ஏறிக்கொண்டிருக்கிறது. அவர்கள் துறையின் பெயர் பொறித்த சட்டை எந்தத் தடங்கலும் இல்லாமல் விற்பனையாகி வந்த ஆண்டுகள் இவை.

மறுதரப்பின் வாதத்தையும் எடைபோடுவது நம் கடமை. திருத்தலம் எதுவாயினும் வாயிலில் கடை இல்லையா? பூவும் கற்பூரமும் விற்பவரால் இறைவனுக்கு இழுக்கு நேர்ந்ததா? தொலைவிலிருந்து வந்தவர் ஓர் அடையாளம் எடுத்துச் செல்ல விரும்புவது மனித இயல்பல்லவா? கடையில் கிடைக்கும் ஒவ்வொரு டாலரும் நினைவிடத்துக்கே செலவாகும்போது அதில் என்ன மாசு? இந்தக் கேள்விகளில் நியாயம் உண்டு. வாயிலில் பூ விற்பவர் தம் பிழைப்பைப் பார்க்கிறார். அவரால் தலம் கெடாது. தலமே தன் பிழைப்புக்குக் கடை வைக்கும்போதுதான் கேடு தொடங்குகிறது. கடையின் வரவு குறைந்தால் விளக்கு அணையும் என்ற நிலை வந்துவிட்டால், எதைக் காட்டுவது, எதை மறைப்பது, எவ்வளவு அழவைப்பது, எப்போது தேற்றி வெளியே அனுப்புவது என்பனவெல்லாம் சீட்டு விற்பனையின் போக்கைப் பார்த்து முடிவாகத் தொடங்கும். கசப்பான வினாக்களுக்கு அங்கே இடம் சுருங்கும். எச்சரிக்கைகளை அரசு ஏன் புறக்கணித்தது, தீயணைப்பு வீரர்களின் வானொலிக் கருவிகள் ஏன் வேலை செய்யவில்லை, புழுதி நிறைந்த காற்றைப் பாதுகாப்பானது என்று அதிகாரிகள் ஏன் சொன்னார்கள் என்ற கேள்விகளைத் தாங்கிய குவளையை யாரும் வாங்கிப்போக மாட்டார்கள்.

மாண்டவர்க்குச் சமுதாயம் கடன்பட்டது என்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்த நெறி. ஆநிரை மீட்டு வீழ்ந்தவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, பெரும்படையல் இட்டு வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. ஊரைக் காக்க உயிர் கொடுத்தவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விடப்பட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. இவற்றில் செலவின் திசையைக் கவனிக்க வேண்டும். உயிரோடிருப்பவர் கொடுக்கிறார்கள், மாண்டவன் பெறுகிறான், அவன் வீட்டார் பெறுகிறார்கள். மாண்டவன் ஊருக்கு ஈட்டித் தர வேண்டும் என்று எந்த நடுகல்லும் எதிர்பார்த்ததில்லை.

அரசு பணம் கொடுத்துவிட்டால் எல்லாம் தூய்மையாகிவிடும் என்றும் நாம் கருதவில்லை. நம் நாட்டு ஜாலியன்வாலா பாக் அதற்குப் பாடம். 1919 ஏப்ரல் 13 அன்று பிரிட்டிஷ் தளபதி டயரின் படையினர் சுட்டுக் கொன்ற மக்களின் குருதி படிந்த அந்த நிலம், பொதுமக்கள் தந்த நிதியால் வாங்கப்பட்டு, 1951-இல் தனிச் சட்டத்தின்கீழ் தேசிய நினைவிடமாயிற்று. அதைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆயினும் 2021-இல் புதுப்பித்துத் திறந்தபோது வரலாற்று அறிஞர் பலர் மனம் நொந்தனர். டயரின் படை நுழைந்த குறுகிய சந்தின் இருபுறச் சுவர்களிலும் உருவச் சிற்பங்கள் பதிக்கப்பட்டன. உயிர் தப்பக் குதித்தவர்கள் மாண்ட கிணறு கண்ணாடிக்குள் அடைபட்டது. மாலையில் ஒலி ஒளிக் காட்சி நடக்கிறது. மூச்சுத் திணற வேண்டிய சந்தில் இப்போது நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சீட்டு இல்லாமலும் ஒரு களத்தைக் காட்சிப் பொருளாக்க முடியும். பொதுப் பணம் இன்றியமையாதது. அதனோடு அடக்கமும் வேண்டும். முன்னது இல்லாதபோது பின்னதை எதிர்பார்ப்பதுதான் வீண்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. பெருந்துயர் நிகழ்ந்த இடத்தைப் பேணும் செலவு, போர்ச் செலவையும் பேரிடர்ச் செலவையும் போலவே, அந்நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் தவறாது இடம்பெற வேண்டும். மனித எச்சங்கள் அடங்கிய கூரையின்கீழ் விற்பனை கூடாது. நூலும் ஆவணமும் வேண்டுவோர்க்குத் தனி இடத்தில் அவை கிடைக்கட்டும். துயரின் நாளையும் எண்ணையும் பெயரையும் சரக்கின் மேல் ஏற்றுவதைத் தடுக்க, வாங்குபவர் ஏமாந்தாரா என்று பாராமல், மாண்டவரின் மதிப்பையே அளவுகோலாகக் கொண்ட சட்டம் வேண்டும். தேசியக் கொடியையும் அரசு முத்திரையையும் விளம்பரத்திலிருந்து காக்கத் தெரிந்த நாடுகளுக்கு இது அரிய செயலன்று. எச்சங்களை எங்கே வைப்பது என்பதில் குடும்பத்தினரின் சொல்லே முதற்சொல்லாக வேண்டும். இவை அனைத்துக்கும் முன்பாக, அதே துயரில் நோயுற்று உயிரோடிருப்பவர்களின் மருத்துவச் செலவு தீர்க்கப்பட வேண்டும்.

கடைக்காரரைக் கடிந்துகொண்டு கலைந்துபோவது நாட்டுக்கு வசதியான முடிவு. அதனால்தான் ஒவ்வொரு நினைவு நாளிலும் ஒரு புதுக் கடைக்காரர் அகப்படுகிறார். பீங்கான் தட்டைச் செய்தவர் சந்தையின் விதிப்படி நடந்தார். அந்த இடத்தைச் சந்தையிடம் ஒப்படைத்தவர்கள் நாடாளுமன்றத்தில் இருந்தார்கள்; ஆண்டுக்கு 2 கோடி டாலரை மிச்சம் பிடித்தவர்கள் அவர்களே. கண்டனம் சென்று சேர வேண்டிய முகவரி அதுதான். மாண்டவர்க்கான கடனை ஒரு நாடு தன் கருவூலத்திலிருந்து தீர்க்க வேண்டும். தீர்க்க மனமில்லாத நாட்டுக்கு அவர்கள் பெயரால் போர் தொடுக்கவும் வாக்குக் கேட்கவும் உரிமை இல்லை.